எத்தனை அடி என்று கேட்டார்கள்

பாரிஸில் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் ப்ருதோம் மன்றத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் முதலாளிகள் தரப்பு, இரண்டு பேர் தொழிலாளிகள் தரப்பு. சட்டம் படித்து வந்த நீதிபதிகள் அல்ல, தொழில் தெரிந்தவர்கள். 1988-இல் அந்த நால்வர் முன்னால் நான் செய்த ஒரு பிழையிலிருந்துதான் மொழிபெயர்ப்பாளனாக என் உண்மையான படிப்பு தொடங்கியது.

வழக்கு எளியது. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் வக்கீல் எழுந்து, இவன் ‘ஆன் ப்லேன் கூ த ஃபெ’ வேலையைப் போட்டுவிட்டுப் போனான் என்றார். கூ என்றால் அடி. ஃபெ என்றால் நெருப்பு. இரண்டும் சேர்ந்தால் துப்பாக்கி வேட்டு. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அகராதி அப்படித்தான் சொன்னது. குனிந்து பையனின் காதில், “துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்” என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. “அண்ணை, எங்கை வெடி? இஞ்சையுமோ?” என்றான்.

நான் கடமை தவறாதவன். அதையும் அப்படியே பிரெஞ்சில் மன்றத்துக்குச் சொன்னேன். நால்வரில் ஒருவர் உணவகம் நடத்துபவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்தான் எனக்கு விளக்கினார். சமையலறையில் கூ த ஃபெ என்றால் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு எட்டிலிருந்து பத்து வரை. மேசை எல்லாம் நிறைந்து, அடுப்பு எல்லாம் முழு நெருப்பில் எரிந்து, சமையல்காரர் எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கும் நேரம். வேட்டு ஒன்றும் இல்லை. அதற்குள் என் பக்கத்தில் இருந்தவனுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவன் எந்த ஊரிலிருந்து எதைத் தாண்டி வந்தவன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தச் சொல்லை அவன் காதில் அப்படிப் போட்டிருக்க மாட்டேன்.

தொழில் ரகசியம் என்று ஒன்று இருப்பதால் இந்தக் கட்டுரையில் வரும் மனிதர்களின் ஊர், வேலை, ஆண்டு சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சொற்களை மாற்றவில்லை.

நான் புதுச்சேரிக்காரன். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு இன்றும் அதுதான் பெயர். மாலையில் நண்பர்களோடு பெத்தாங் விளையாடப் போவார். இரும்புக் குண்டை எறிந்து எதிராளியின் குண்டை யாராவது சரியாகத் தட்டிவிட்டால் எல்லாரும் ஒரே குரலில் “ழொலி கூ!” என்பார்கள். கேரம் பலகையில் நாங்கள் ‘செம அடி’ என்று கத்துவோமே, அதே இடம், அதே சத்தம். நான் முதலில் கற்ற கூ அது. இரண்டாவதைப் பள்ளிக்கூடத்தில் அடிக்கோலால் விரல் முட்டியில் கற்றேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பிரெஞ்சு தெரியும் என்று நினைத்து 1984-இல் விமானம் ஏறினேன்.

எழுதும்போது நான்கு எழுத்து. கடைசியில் நிற்கும் ‘ப்’ வாயில் வராது. பன்மைக்கு ஓர் ‘ஸ்’ சேர்ப்பார்கள், அதுவும் வாயில் வராது. மிஞ்சுவது கூ. கழுத்துக்கும் இதே ஒலி, செலவுக்கும் இதே ஒலி. ஒரு மருத்துவச் சான்றிதழை நீதிமன்றத்தில் உரக்கப் படித்த வக்கீல், கழுத்தில் விழுந்த அடி என்பதை ‘கூ ஓ கூ’ என்று படிக்க, பின் வரிசையில் யாரோ குயில் என்றார்கள். நம் மொழியிலும் கூ தனியாக நிற்கும். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று, பொருள் பூமி. பிரெஞ்சுக் கூவுக்கு இதனோடு உறவில்லை. அது கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கொலஃபுஸ் என்றால் முட்டியால் விடும் குத்து, கன்னத்தில் விழும் அறை. ஸ்பானியத்தில் அது கோல்ப்பே ஆனது, இத்தாலியனில் கோல்ப்போ. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல முக்கால்வாசி எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.

ஒரு குத்தில் தொடங்கிய சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று லித்ரே அகராதியைத் திறந்தால் பத்தி பத்தியாக ஓடும். நான் பல வருடம் அதை அட்டவணை போட்டுக் கற்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க கூ. அதனால் பெரிய பயன் இல்லை என்று ஒரு மாலை நேர விசாரணையில் தெரிந்தது.

சொந்தக்காரர்கள் இருவருக்குள் கைகலப்பு. அடிபட்டவர் வாக்குமூலம் கொடுத்தார்: “அவன் தண்ணியடிச்சுப்போட்டு எனக்கு ரெலிபோன் அடிச்சவன். பிறகு நேரை வந்து அடிச்சுப்போட்டான்.” நான் யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது. குடித்ததற்கு ‘புவார் அன் கூ’, தொலைபேசிக்கு ‘கூ த ஃபில்’, அடித்ததற்கு ‘தே கூ’. மூன்று கூ. தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் சிலேடை செய்கிறாரா என்று கேட்டார். இல்லை அம்மையாரே, தமிழிலும் அவர் ஒரே வினைச்சொல்லைத்தான் மூன்று முறை சொன்னார் என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. நான் வெளியே வந்து ரயிலில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். இத்தனை வருடம் கூ என்ற சொல்லுக்கு எதிரே தமிழில் இருபது முப்பது சொற்களை எழுதி வைத்திருந்தேன். அடி என்பது அவற்றில் ஒன்று, முதல் வரியில். அதுதான் இதன் கூடப்பிறந்தது என்று தோன்றவே இல்லை.

வெயில் அடிக்கிறது: கூ த சொலேய். காற்று அடிக்கிறது: கூ த வான். யோகம் அடித்தது: கூ த ஷான்ஸ். சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும் ஒரு கூ உண்டு. ஒரே அடியாக என்பதற்கு அவர்கள் ‘ஒரே கூவில்’ என்பார்கள். தாக்குப்பிடிப்பது என்கிறோமே, தாக்கு என்பதும் அடிதான். அதைப் பிரெஞ்சில் ‘தெனீர் ல கூ’ என்பார்கள், கூவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான ஒரு சிகிச்சை மையத்தில் மனநல மருத்துவர் ஒரு தாயிடம் இதைக் கேட்டபோது, “தாக்குப்பிடிக்கிறியளோ அம்மா?” என்றேன். “பிடிக்காமல் என்ன செய்யிறது, தம்பி” என்றார். அந்தப் பதிலையும் அதே சொல்லால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இப்படிக் கைக்கு வந்து விழுவது வருடத்தில் இரண்டு தடவை நடந்தால் அதிகம்.

உறவுமுறை இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த ஆபத்து. எல்லா அடியையும் கூ ஆக்கிவிடத் தோன்றும். கண்ணடிப்பது வேறு, ‘கூ தெய்’ வேறு. அது ஒரு பார்வை பார்ப்பது, அவ்வளவுதான். காயத்தை ஒரு பார்வை பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னதை, புதிதாகச் சேர்ந்த ஒரு தோழர் எப்படி மொழிபெயர்த்தார் என்பது எங்களுக்குள் பல வருடம் ஓடிய வேடிக்கை. நோயாளி ஒரு பாட்டி.

ஆனால் இந்தச் சொல்லோடு நான் அதிகம் மல்லுக்கட்டியது வேடிக்கையான இடங்களில் இல்லை. அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் ஓஃப்ப்ரா அலுவலகம் ஃபோந்தனே-சூ-புவாவில் இருக்கிறது. சிறிய அறை. ஒரு மேசை, ஒரு கணினி, அதிகாரி, விண்ணப்பதாரர், நடுவில் நான். அதிகாரி கேள்வியையும் பதிலையும் தட்டச்சு செய்துகொண்டே போவார். என் வாயிலிருந்து வருவதுதான் கோப்பில் ஏறும். அங்கே வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது ஒரே ஒரு சொல்: “அடிச்சவை.”

முதல் ஆறு மாதம் அந்தச் சொல்லின் இலக்கணமே எனக்குத் தகராறு. புதுச்சேரியில் அடித்தவன் என்றால் எவன் என்று கேட்போம். அது ஆளைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் ‘அடிச்சவன்’ என்றாலே வாக்கியம் முடிந்தது, அவன் அடித்தான் என்று பொருள். ‘என்னைப் பேசினவை’ என்று ஒருவர் சொன்னதை, என்னோடு பேசினார்கள் என்று நினைத்து நான் பிரெஞ்சில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன். திட்டினார்கள் என்று அர்த்தம். ஒரே தமிழ் என்று நம்பிப் போனவன் அங்கே இரண்டு மொழி கற்றேன்.

“அடிச்சவை” என்றதும் அதிகாரி கேட்பார்: எந்த மாதிரிக் கூ? பிரெஞ்சுக்கு அது இயல்பான கேள்வி. கூ என்ற சொல் தனியாக நின்றால் பாதிதான் இருக்கிறது. எதனால் என்று பின்னால் ஒன்று வந்து ஒட்ட வேண்டும். முட்டியால் என்றால் கூ த புவேன், காலால் என்றால் கூ த பியே, துப்பாக்கிப் பிடியால் என்றால் கூ த க்ரோஸ். தமிழில் நாம் கருவியைச் சொல்வதைவிடச் செயலுக்கே தனித்தனிப் பெயர் வைத்துவிட்டோம். குத்து, உதை, அறை, குட்டு, மிதி, மொத்து. ஒவ்வொன்றுக்கும் தனி வலி. ஆனால் வலியை அனுபவித்தவர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் இந்தச் சொற்கள் எல்லாம் போய்விடும். அடி என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வராது. நான் கேட்க வேண்டும். “எதாலை அடிச்சவை?” மௌனம். பிறகு, “எஸ்லோன் பைப்பாலை.” பி.வி.சி. குழாயை இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள். “சப்பாத்துக் காலாலை உழக்கினவை.” இதை ‘கூ த பியே’ என்று சொல்லிவிடலாம், காலால் உதைத்தார்கள் என்று. ஆனால் சப்பாத்து என்ற சொல்லை விட்டால் சீருடை போய்விடும். பூட்ஸ் என்பதற்கான சொல்லைப் போட்டு ‘கூ த போத்’ என்பேன். அடித்தது யார் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அடுத்த கேள்வி: எத்தனை கூ? எனக்குப் பிடிக்காத கேள்வி. தமிழில் அடி விழுந்தது என்றால் ஒன்றும் அடிதான், நூறும் அடிதான். வெயில் போல, மழை போல. “எண்ணிக்கொண்டே கிடந்தனான்?” என்று ஒரு நடுத்தர வயதுக்காரர் திருப்பிக் கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி நல்ல பெண், தட்டச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

வன்னியிலிருந்து வந்தவர்களிடம் அடி இன்னும் பெரிதாக இருந்தது. அவர்கள் பேச்சில் அடிபாடு என்றால் சண்டை, போர்முனை. “செல் அடிச்சவங்கள்”, “கிபிர் அடிச்சது” என்பார்கள். கிபிர் என்பது குண்டு போடும் விமானம். கையால் விழுகிற அடிக்கும் வானத்திலிருந்து விழுகிற அடிக்கும் ஒரே வினைச்சொல். இங்கே கூ ஒத்துவராது. பீரங்கிக்குக் கூ உண்டு, விமானத்துக்கு இல்லை. குண்டுவீச்சு என்று தனிச் சொல் போட வேண்டும். போரைப் பற்றிக் கேட்ட எந்தப் பிரெஞ்சு அதிகாரிக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் முதுகில் விழுந்ததையும் தன் ஊரில் விழுந்ததையும் ஒரே சொல்லால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருக்காது. தெரிவிக்க எனக்கு வழியும் இல்லை. அடிக்குறிப்புப் போட்டுப் பேச மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை கிடையாது.

காவல் நிலையத்திலும் குற்றவியல் நீதிமன்றத்திலும் கூ வேறு வேடம் கட்டும். 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து ‘கூ எ ப்லெஸ்யூர்’ என்றொரு தொடர் இருந்தது: அடியும் காயமும். 1994 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டு ‘வியோலான்ஸ்’, வன்முறைகள் என்று போட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. வக்கீல்களும் போலீஸ்காரர்களும் இன்னும் பழைய தொடரைத்தான் சொல்கிறார்கள். எத்தனை அடி என்ற கேள்வியும் இங்கே அவ்வளவு முக்கியம் இல்லை. எத்தனை நாள் என்பதுதான். அடிபட்டவரால் எத்தனை நாள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். எட்டு நாளைத் தாண்டினால் குற்றத்தின் தரமே மாறிவிடும். இதே காவல் நிலையத்தில் கூ என்றால் திருட்டுத் திட்டம், கூட்டுக் களவு. அவனும் கூவில் இருந்தானா என்று கேட்டால், உள்கையா என்று கேட்கிறார்கள். படுக்கையறைக்குள்ளும் அந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளை மொழிபெயர்க்கும்போது தெரிந்துகொண்டேன். இங்கே விவரம் வேண்டாம்.

வேலைத்தல வழக்குகளில் இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. துணியை லேசாக இஸ்திரி போடுவது கூ த ஃபேர். கூட்டிவிடுவது கூ த பலே. துடைத்துவிடுவது கூ த ஷிஃபோன். கூ என்று முன்னால் போட்டால் வேலை சின்னதாகிவிடும்: சும்மா ஒரு இழுப்பு, ஒரு தட்டு, முடிந்தது. வீட்டு வேலை செய்த ஓர் அக்காவின் வழக்கில் எஜமானி அம்மாள் அவருக்கு விட்டுப்போகும் காகிதச் சீட்டுகளை வக்கீல் கொண்டுவந்திருந்தார். ஒரு சீட்டில் ஐந்து கூ. ஐந்தும் சேர்ந்து மூன்றரை மணி நேர வேலை. சம்பளம் ஒரு மணி நேரத்துக்கு. நான் ‘கொஞ்சம் இஸ்திரி, கொஞ்சம் துடைப்பு’ என்று மொழிபெயர்க்க, அக்கா என்னை முறைத்தார். “கொஞ்சமோ தம்பி? இருபது சேட்டு.” மொழிபெயர்ப்பு சரி. சொல்தான் பொய் சொன்னது.

கை என்ற சொல் சேர்ந்தால் ‘கூ த மேன்’, கைகொடுப்பது, ஒத்தாசை. தொழிலாளர் ஆய்வாளர்கள் கடைக்குள் நுழைந்து, பதிவில் இல்லாத ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், முதலாளிகள் முதலில் சொல்லும் சொல் அதுதான். சொந்தக்காரப் பையன், சும்மா ஒரு கூ த மேன். பையனிடம் நம் மொழியில் கேட்டால் அவனும் “உதவிக்கு வந்தனான்” என்பான், சொல்லிக்கொடுத்தபடி. உதவி என்றால் சம்பளம் இல்லை. வேலை என்றால் உண்டு. இடையில் நிற்கும் நான் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒன்றும் சேர்க்கவோ குறைக்கவோ கூடாது.

அகதி விசாரணையில் மட்டும் அந்தத் தொடரை நான் நாக்கில் சேர்ப்பதே இல்லை. “இயக்கத்துக்குச் சின்ன உதவி செய்தனான்” என்று ஒருவர் சொன்னால், பிரெஞ்சு நாக்குக்கு முதலில் வருவது கூ த மேன்தான். படைத்துறையில் அதே தொடருக்குத் திடீர்த் தாக்குதல் என்று பொருள். சோறு சமைத்துக் கொடுத்தவர் என்ன செய்தார் என்று எழுதப்படுகிறது என்பது அந்தச் சூழலில் அவர் தலையெழுத்து. சாதாரண உதவி என்ற சொல் இருக்கும்போது அழகான தொடர் எதற்கு?

காதலுக்கும் ஒரு கூ இருக்கிறது. மின்னல் அடி, கூ த ஃபூத்ர்: பார்த்த மாத்திரத்தில் காதல். திருமணப் பதிவில் சந்தேகம் வந்தால் நகரசபையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே கேள்வி கேட்பார்கள். இடி விழுந்ததா என்று அதிகாரி புன்னகையோடு கேட்க, எதிரே இருந்தது வவுனியாவிலிருந்து வந்து மூன்று மாதமான பெண். நம் வீட்டில் யார் தலையிலாவது இடி விழுந்தால் என்ன அர்த்தம்? “பார்த்த உடனை பிடிச்சுதோ?” என்று கேட்டேன். “அம்மாவுக்குப் பிடிச்சது” என்றாள். நேர்மையான பதில். அதை எப்படிச் சொன்னாலும் அந்த மேசையில் அது எடுபடாது.

தமிழ்ப் பத்திரிகை வாசகருக்குத் தெரிந்த கூ ஒன்றுதான்: கூ தெத்தா, ஆட்சிக் கவிழ்ப்பு. ஆங்கிலத்தில் முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். ஆனால் கவிழ்ப்பு என்பது பல இடங்களில் தப்பு. 1639-இல் கப்ரியேல் நோதே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, அது அரசனே அரசு நலனுக்காகத் திடீரென்று செய்யும் கடும் செயலைக் குறித்தது. 1851 டிசம்பர் 2-ஆம் தேதி லூயி நெப்போலியன் நடத்தியதும் அப்படித்தான். அவர் அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி, கவிழ்த்தது நாடாளுமன்றத்தை. மித்தரான் 1964-இல் தெ கோலைத் தாக்கி எழுதிய நூலின் தலைப்பு நிரந்தரமான கூ தெத்தா. நிரந்தரமாக எதைக் கவிழ்ப்பது? சினிமா ரசிகர்களுக்குத் தெரிந்த இன்னொன்று, த்ருஃபோவின் 1959-ஆம் ஆண்டுப் படம். ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து அதை நானூறு அடிகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நானும்தான். நானூறு கூ செய்வது என்றால் ஊர்ப்பட்ட சேட்டை செய்வது, கட்டுக்கு அடங்காமல் திரிவது. படத்தில் அந்தச் சிறுவன் செய்வது அதுதான். அடி வாங்கும் கதை என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன்.

இவ்வளவையும் கற்ற பிறகு என்னைக் கவிழ்த்தது ஒன்றுமே அர்த்தம் இல்லாத ஒரு கூ.

‘துய் கூ.’ எண்பதுகளில் அதை அரிதாகத்தான் கேட்டேன். அந்தக் காலத்து அதிகாரிகள் கேள்விகளைத் ‘தோன்க்’ என்றோ ‘அலோர்’ என்றோ தொடங்குவார்கள். பிறகு வந்த இளைஞர்கள் வாயைத் திறந்தாலே துய் கூ. ஒரு காலத்தில் அதற்கு அந்த அடியிலேயே, உடனே, அதன் விளைவாக என்று கனமான பொருள் இருந்தது. இப்போது பெரும்பாலும் மூச்சு விடுவதற்கான இடம். கண்ட இடத்திலும் இதைப் போடாதீர்கள் என்று பிரெஞ்சு அகாதெமியே எழுதிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

ஒரு பையன். படையினர் வீட்டுக்கு வந்து தேடினார்கள் என்று சொல்லி முடித்தான். அதிகாரி திரையைப் பார்த்தபடியே கேட்டார்: துய் கூ, கொழும்புக்குப் போனீர்களா? அப்போது நான் இந்தச் சொல்லை அகராதியின் பொருளில்தான் வைத்திருந்தேன். “அதாலை கொழும்புக்குப் போனியளோ?” என்றேன். அவன் “ஓம்” என்றான். கோப்பில் ஏறியது: படையினர் தேடியதன் காரணமாகக் கொழும்புக்குச் சென்றேன்.

யாழ்ப்பாணத்தார் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஓம் என்பது எப்போதும் ஆம் அல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதும் ஓம்தான். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்கும்போது குறுக்கே பேசாமல் தலையசைப்பதும் அதுதான்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மோந்த்ரேயில் இருக்கிறது. தற்செயலாக அன்றும் என்னையே அழைத்திருந்தார்கள். மூன்று பேர் கொண்ட அமர்வு. அறிக்கை வாசிப்பவர் கோப்பைச் சுருக்கிச் சொன்னார். பிறகு ஒரு நீதிபதி நேராகக் கேட்டார்: ஏன் கொழும்புக்குப் போனீர்கள்? அவன் தயங்காமல் சொன்னான், “அக்கான்ரை கலியாணத்துக்கு.” மண்டபம் அமைதியானது. முன்னே ஒரு காரணம், இப்போது ஒரு காரணம். அவன் வக்கீல் முகத்தில் ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். பொய் சொல்கிறான் என்பதற்கு அவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மொழிபெயர்ப்பாளன் கட்சிக்காரன் அல்ல. கேட்காமல் பேசக் கூடாது. எனக்குக் கால் நடுங்கியது. தலைவரிடம் அனுமதி கேட்டு, முதல் பேட்டியில் இருந்தவன் நான், கேள்வியில் இருந்த துய் கூ என்ற சொல்லை நான் காரணமாக்கிச் சொல்லியிருக்கலாம் என்றேன். அவன் சொன்னதில் முரண் இல்லை, என் தமிழில் இருந்திருக்கலாம். தலைவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து முடிவுகளை ஒட்டுவார்கள். எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு துய் கூவுக்கு நான் வைத்துக்கொண்ட சொல் ‘அப்ப’. புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மாதிரி நிற்கிற சொல். காரணமாகவும் கேட்கலாம், அடுத்து என்ன என்பதாகவும் கேட்கலாம். காரணத்தை எதிராளியின் வாயில் திணிக்காது. “அப்ப, கொழும்புக்குப் போனியளோ?” அவன் என்ன பதில் சொல்வான் என்பது அவன் கையில்.

2019-இல் ஓய்வுபெற்றேன். கடைசி விசாரணையில் இருந்தது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத அதிகாரி, கெட்டிக்காரப் பெண். மூன்று மணி நேரத்தில் துய் கூ என்று 27 தடவை சொன்னார். மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினேன். 25 தடவை ‘அப்ப’ என்றேன். இரண்டு தடவை அவர் தட்டச்சை நிறுத்தி, நிமிர்ந்து, எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த இரண்டுக்கும் ‘அதாலை’ என்றேன்.